கிட்டாரின் சேடிலைச் செப்பஞ் செய்தல்

கிட்டார் பயிலப் புகும் மாணாக்கருட் பலர் சில திங்களில் அதனைக் கைவிடுகின்றனர். விரல்நுனி நோகின்றது என்பதே அவர் கூறுங் காரணம். புதுவிரலுக்குச் சிறிது நோவு இயல்பே. ஆயினும், தந்திகள் மெட்டுகளினின்றும் மிக உயர்ந்து நிற்குமாயின், கைதேர்ந்தாரும் இடர்ப்படுவர். அழுத்துந்தோறும் தந்தி இழுபட்டுச் சுருதி ஏறுதலாற் செவியும் கெடும். இதனைப் பயில்வோரின் சோம்பல் எனக் கடிந்துகொள்ளுதல் முறையன்று என்பது எம் கருத்து.

உருக்குத் தந்தி பூட்டிய கிட்டாரில், வீணையின் குதிரையைப் போல்வதொரு மரத்துண்டு மேற்பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். அதன் காடியுள் நிற்கும் எலும்புப் பட்டையே சேடில் எனப்படுவது. சுருதி கூட்டிய பின்னர், பன்னிரண்டாம் மெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளந்து காண்க. தடித்த ஆறாந் தந்தியில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டரும், மெல்லிய முதல் தந்தியில் 1.8 மில்லிமீட்டரும் இருப்பின் பெரும்பாலார்க்குப் பொருந்தும்.

உயரம் மிகுந்துளதெனக் கண்டவுடனே அரத்தை எடுத்தல் ஆகாது. தந்திகளின் இழுப்பினாற் கழுத்து முன்வளைந்திருப்பினும் இடைவெளி மிகும். அதனுள் ஓடும் டிரஸ் ராடு என்னுங் கம்பியைக் கால் சுற்றுக்கு மேற்படாது திருகி, அவ்வளைவை முதலிற் குறைத்தல் வேண்டும். கிப்ஸன் தொழிற்சாலையினராகிய தாடியஸ் மக்ஹியூ இத்தகைய கம்பிக்கு அமெரிக்காவில் 1923-இல் காப்புரிமை பெற்றார். பழைய கருவிகள் பலவற்றில் இஃது இல்லை. அவற்றைத் தொழில் வல்லாரிடம் ஒப்புவித்தலே நன்று.

கழுத்து செவ்விதாயின் கணக்கிற்கு வருவோம். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நீளத்திற் சரிபாதியில் உளது. ஆதலின் அங்கே அரை மில்லிமீட்டர் தாழ்த்த விரும்புவோர் சேடிலில் ஒரு மில்லிமீட்டர் குறைத்தல் வேண்டும். யூக்ளிடின் ஆறாம் நூலில் ஒத்த முக்கோணங்களைக் கற்றார்க்கு இது விளங்கும். வகுப்பிற் கொட்டாவி விட்டவர்க்கும் இப்பொழுது பயன்படும்.

தந்திகளைத் தளர்த்திச் சேடிலை எடுத்து, குறைக்கும் அளவைப் பென்சிலாற் கோடிடுக. மேல்விளிம்பைத் தொடலாகாது; அதன் வளைவும் சரிவும் சுருதியின் பொருட்டு அமைந்தவை. கண்ணாடித் தகட்டின்மேல் உப்புத்தாளைப் பரப்பி, அடிப்பக்கத்தையே சமமாகத் தேய்க்க. அடி கோணினால் அதிர்வு பலகைக்குச் செவ்வனே செல்லாது, ஒலி மங்கும். கோட்டிற்குச் சற்று முன்னரே நிறுத்தி, மீண்டுந் தந்தி பூட்டி அளந்து காண்க. மிகத் தேய்ந்தால் தந்தி மெட்டில் மோதி இரையும். தேய்ந்த எலும்பு மீண்டும் வளராது. ஆகவே பழைய சேடிலைப் பேணி வைத்து, புதிதாக ஒன்று வாங்கித் தேய்ப்பதே யாம் விரும்பும் முறை.

மழைக்காலத்தில் மரம் ஈரமேற்று மேற்பலகை உப்புதலின், தந்தியும் உடனுயரும். அந்நாளிற் தேய்த்த சேடில் கோடையிற் தாழ்ந்துவிடும். மழை நீங்கிச் சில வாரங் கழிந்தபின் அளத்தல் தக்கது.