உண்கலத்திற்கு ஏற்ற மெருகு எது?

கடைசல் வேலை செய்யும் அங்கத்தினர்கள் பலர் ஒரே கேள்வியை நம்மிடம் கேட்டு வருகின்றனர். கட்டில் காலுக்கும் பொம்மைக்கும் பூசிவரும் மெருகையே, பழமும் பண்டமும் வைக்கும் மரக்கிண்ணத்திற்கும் பூசலாமா என்பதே அது. ஒரே சொல்லில் இதற்கு விடை கூற இயலாது. கிண்ணத்தில் வைக்கப்படும் பொருள் யாது என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதன் பிறகே மெருகைத் தேட வேண்டும். நாமே இம்முறையைக் கைவிட்டு நஷ்டம் அடைந்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மாமரத்தில் கடைந்த கிண்ணங்களுக்கு நிலக்கடலை எண்ணெய் தடவி விற்பனைக்கு அனுப்பினோம். உண்ணும் எண்ணெயைவிடத் தீங்கற்றது வேறு என்ன இருக்கக்கூடும் என்பது நம் எண்ணம். வாங்கிய வியாபாரி மூன்று மாதத்தில் அவற்றைப் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார். பெட்டியைத் திறந்ததும் சிக்கு வாடை மூக்கைத் துளைத்தது. கிண்ணத்தைத் தொட்டால் விரல் பிசுபிசுத்தது. பூசிய பொருளில் விஷம் ஏதும் இல்லை. ஆயினும் அதில் ஒரு பிடி பொரியைக்கூடப் போட்டு உண்ண எவருக்கும் மனம் வராது.

எண்ணெய்களுள் சில, காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகிவிடும். பல எக்காலத்தும் இறுகா. இவ்வியல்பை அறிய அயோடின் எண் என்னும் அளவு பயன்படுகின்றது. ஏறத்தாழ 130-க்கு மேற்பட்ட எண்ணுடையவை உலரும் எண்ணெய்கள். ஆளிவிதை எண்ணெய்க்கு இவ்வெண் 170-க்கு மேல் நிற்கும். தேங்காய் எண்ணெய்க்கு 10-ஐ ஒட்டியே இருக்கும். நிலக்கடலை எண்ணெய் 100-க்கு அருகில் நின்றுவிடுகின்றது. நல்லெண்ணெயோ அரைகுறையாக உலர்ந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். சமையலறையில் நமக்கு வேண்டியவை இவை. கடைசல் பட்டறையில் அல்ல.

எண்ணெய் மெருகை விரும்புவோர், உணவுக்கென்று பிழிந்த ஆளிவிதை எண்ணெயை வாங்குவதே நன்று. அதனை மெல்லியதாகத் தடவி, அரை மணி கழித்து எஞ்சியதைத் துடைத்துவிட்டு, நன்கு உலர்ந்தபின் அடுத்த பூச்சைத் தொடங்க வேண்டும். அவசரம் இங்கே உதவாது. பெயிண்ட் கடைகளில் ‘காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்’ என்று ஒன்று கிடைக்கும். விரைவில் உலர்வதற்காகக் கோபால்ட், மாங்கனீசு முதலிய உலோகங்களின் உப்புகள் அதில் சேர்க்கப்படுகின்றன. முற்காலத்தில் ஈயத்தையும் சேர்த்தனர். சேர்ந்த பொருள் இன்னதென்று தகரத்தின் மேல் தெளிவாக எழுதப்படாதிருப்பின், உண்கலத்திற்கு அதனை வாங்க வேண்டாம்.

இவ்விடத்தில் நெசவாளர் அங்கத்தினர்களும் சற்றுக் கவனிக்க வேண்டும். எண்ணெய் துடைப்பதற்குத் தறிக்கூடத்துக் கழிவு நூலைத்தானே கொடுத்து உதவுகிறோம்? ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூட்டை வெளியிடும். விரித்துப் போட்ட துணியில் அச்சூடு காற்றோடு போய்விடும். உருட்டிப் போட்ட கழிவு நூலில் உள்ளேயே தங்கி வளர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ஒரு நாள் மாலை நாம் பட்டறைக் கதவைப் பூட்டும் வேளையில் மூலையிலிருந்த கூடையில் புகை எழுந்தது. கூடைக்கு நான்கு முழத் தொலைவில் பாவு நூல் கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. கதவைப் பத்து நிமிஷம் முன்னதாகப் பூட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவும் அஞ்சுகிறோம். அன்று முதல், துடைத்த நூலைத் தண்ணீர் நிறைந்த, மூடியுள்ள தகர வாளியில் போட்டுவிடுகிறோம்.

அடுத்தது அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் இது. கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலும், ஆந்திரத்து எட்டிகொப்பாகாவிலும், நமது அம்பாசமுத்திரத்திலும் கடைசற்காரர்கள் வழிவழியாகக் கையாண்டு வருவது. சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அது உருகிப் படியும். தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பேற்றுவர். தூய அரக்கு தீங்கற்றது. மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேற்பூச்சாக அதைப் பயன்படுத்துகின்றனர். ஆனால் அதற்குச் சில பகைகள் உண்டு. சுமார் 75 டிகிரி செல்சியஸ் சூட்டில் இளகத் தொடங்கும். கொதிக்கும் ரசம் பட்டால் வெளுத்துவிடும். சலவைச் சோடாவிலும் எரிசாராயத்திலும் கரையும். ஆகவே அரக்குக் கிண்ணம் முந்திரி, அவல், பழம் ஆகியவற்றிற்கே உரியது என்பது நம் அபிப்பிராயம்.

அரக்கைக் காட்டிலும் அதில் கலக்கும் நிறமே நமக்குக் கவலை தருகின்றது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறப்பொடிகளுள் ஈயக் குரோமேட் சேர்ந்தவை உண்டு. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாதென்று 2016-இல் மத்திய அரசு விதி இயற்றி, 2017 நவம்பரில் அமுலுக்குக் கொண்டுவந்தது. ஆயினும் பொட்டலத்தில் நிறுத்து விற்கும் பெயரற்ற பொடிக்கு யார் பொறுப்பு? எலுமிச்சைச் சாறு தோய்த்த வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டவில்லையென்று சிலர் திருப்தியடைகின்றனர். சாயம் ஒட்டாமை ஈயமின்மைக்குச் சான்றாகாது. பரிசோதனைச் சான்றுள்ள நிறத்தையே வாங்கி, அதையும் கிண்ணத்தின் புறத்தே மட்டும் ஏற்றுக. உட்புறமும் வாய் படும் விளிம்பும் நிறமின்றியே இருக்கட்டும்.

கடையில் விற்கும் மெலமைன் மெருகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது உலர்கையில் ஃபார்மால்டிஹைடு வெளிப்படும். உணவுப் பாத்திரத்திற்கு ஏற்றதென்று தயாரிப்பாளரே எழுதித் தந்தாலன்றி நாம் அதைத் தொடுவதில்லை.

மோரும் குழம்பும் போன்ற ஈரப் பண்டங்களுக்கு என்ன செய்வது? மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நான்கு பங்கும் தேன்மெழுகு ஒரு பங்கும் எடுத்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் நடுவே வைத்து உருக்கிப் பூசலாம். நேர் நெருப்பில் வைக்கலாகாது. இக்கலவை சிக்குப் பிடிக்காது. ஆனால் கழுவக் கழுவத் தேயும். வாங்குவோர் அவ்வப்போது மீண்டும் தடவிக்கொள்ள வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. சூடான குழம்புக்கு இதுவும் நெடுநாள் நிற்காது. அதற்கு மண்சட்டியையோ எவர்சில்வரையோ வைத்துக்கொள்ளும்படி வாங்குபவரிடம் கூறத் தயங்க வேண்டாம்.

கடைசிப் பூச்சிட்ட தேதியைக் கிண்ணத்தின் அடியில் பென்சிலால் குறித்து வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசியதாயின், அத்தேதிக்குப் பின் 30 நாள் காற்றோட்டமான இடத்தில் இருந்த சரக்கை மட்டுமே நாம் கட்டுக் கட்டுகிறோம். அப்போதும் ஒரு கிண்ணத்தை இரவு முழுதும் மூடிய டப்பாவில் வைத்துக் காலையில் திறந்து முகர்ந்து பார்த்த பிறகே பெட்டிக்கு ஆணி அடிக்கிறோம்.