கதிர்ப்படவியல் கற்கப் போகும் தங்கையருக்கு



இதே கல்லூரியின் விஞ்ஞானப் பிரிவில் படித்த நான், இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கதிர்ப்படவியல் பட்டப்படிப்பின் இறுதி வருடத்தில் இருக்கிறேன். எக்ஸ் கதிர், சீ.ரீ., எம்.ஆர்.ஐ. ஆகியவற்றால் உடலின் உள்ளே படமெடுக்கும் கல்வி இது. விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், "மகள் டொக்டருக்கா படிக்கிற?" என்று கேட்பார்கள். இல்லையென்று சொன்னதும் கேட்டவரின் முகம் சற்று வாடும். பிறகு, "அப்ப படம் புடிக்கிற வேலையா?" என்பார்கள். ஆம், படம் பிடிக்கிற வேலைதான்.

இத்துறைக்கு எப்படித் தயாராவது என்று எழுதும்படி சஞ்சிகைப் பொறுப்பாசிரியை கேட்டார். முதல் தடவை நான் தயாராகவே இல்லை. அந்தக் கதையிலிருந்து தொடங்குவதே பயன் தரும்.

முதல் தடவை உயர்தரத்தில் எனக்கு உயிரியலில் பி, இரசாயனவியலில் சி, பௌதிகவியலில் எஸ். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை வாங்கினேன், வாசிக்கவில்லை. விண்ணப்பத்தை ஊரில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் நிரப்பினோம். கடைத் தம்பியிடம் முந்திய நாள் வந்த ஒரு மாணவியின் விருப்ப ஒழுங்கு இருந்தது. "இதையே போடுவமா ராத்தா?" என்றார். நானும் தலையாட்டினேன். சென்ற வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து, கூடியது மேலே, குறைந்தது கீழே என்று அடுக்கப்பட்ட பட்டியல் அது. அவ்வளவாக விருப்பமில்லாத ஒரு பாடநெறி எனக்குக் கிடைத்தது. பதிவு செய்துவிட்டால் மறுபடி விண்ணப்பிக்கும் வாசல் அடைபட்டுவிடும் என்பதை அப்போதுதான் கையேட்டில் தேடி வாசித்தேன். பதிவு செய்யாமல் இரண்டாம் தடவை எழுதினேன். அந்த வருட வகுப்புக் காசு வாப்பாவின் ஒரு போக நெல். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விருப்ப ஒழுங்கை வெட்டுப்புள்ளியைப் பார்த்து அடுக்கக் கூடாது. நீங்கள் எழுதிய ஒழுங்கிலேயே மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் இஸட் புள்ளி போதுமான முதல் இடத்தைத்தான் உங்களுக்குத் தருகிறார்கள். எட்டாத ஒன்றை மேலே போட்டதால் எட்டும் ஒன்று பறிபோகாது. ஆனால் விரும்பாத ஒன்றை விரும்பியதற்கு மேலே போட்டால், அது கிடைத்த பிறகு கீழே உள்ளதைக் கேட்க முடியாது. கதிர்ப்படவியல் வேண்டுமென்றால், உங்கள் மனதில் அதற்கு எத்தனையாவது இடமோ அந்த இடத்தில் எழுதுங்கள். கடைத் தம்பி தட்டச்சு செய்யட்டும். பாடநெறிக் குறியீடுகளை வீட்டிலிருந்தே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

விஞ்ஞானப் பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்திலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியவையாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. நமது அம்பாறை அந்தப் பதினாறில் ஒன்று. இடங்கள் குறைந்த பாடநெறிகளில் ஓரிருவர் கூடிக் குறைந்தாலே மாவட்ட வெட்டுப்புள்ளி ஏறி இறங்கிவிடும். ஆகவே போன வருட எண்ணைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம், துவளவும் வேண்டாம். மூன்று பாடங்களோடு எழுதும் பொது வினாத்தாளில் 30 புள்ளிகளாவது எடுக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அதை அலட்சியம் செய்து தடுக்கி விழுவது மிகப் பெரிய வீண்.

இஸட் புள்ளி என்பது, நீங்கள் எடுத்த புள்ளி அப்பாடத்தின் சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் தூரத்தில் நிற்கிறது என்பதே. ஒரு கற்பனைக் கணக்கு: பௌதிகவியலில் சராசரி 40, நியம விலகல் 16 என்றால், 60 எடுத்தவருக்கு 1.25. உயிரியலில் சராசரி 56, நியம விலகல் 12 என்றால், 68 எடுத்தவருக்கு 1. கூடிய புள்ளி எடுத்த பாடம் கூடிய இஸட் தரும் என்பதில்லை. மூன்று பாடங்களின் சராசரிதான் உங்கள் இறுதி இஸட். உயிரியலை மூன்று முறை மனனம் செய்துவிட்டுப் பௌதிகவியலை ஒதுக்கி வைத்தவள் நான். என்னைக் கவிழ்த்தது அந்த ஒதுக்கல்தான்.

அதைவிடப் பெரிய வேடிக்கை, நான் ஒதுக்கிய பாடமே இன்று என் தொழில். எக்ஸ் கதிர்க் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். 70,000 வோல்ற்று, 200 மில்லியம்பியர், 0.1 செக்கன் என்று வைத்தால் குழாய்க்குள் போகும் சக்தி 1400 யூல். அதில் ஏறத்தாழ 99 வீதம் வெப்பமாகிவிடும். எக்ஸ் கதிராவது ஒரு வீதம்தான். அவ்வளவு வெப்பமும் ஒரு மில்லிமீற்றர் அளவான புள்ளியில் விழுகிறது. அதனால்தான் அனோட்டைத் தங்குதனால் செய்கிறார்கள். அதன் உருகுநிலை 3400 பாகை செல்சியசுக்கு மேல். ஒரே இடம் சூடேறாதிருக்க அதைச் சுழலவும் விடுகிறார்கள். இந்தச் சிறு கணக்கில் மின்னோட்டம், வெப்பம், கதிர்ப்பு என்று மூன்று அலகுகள் வந்துவிட்டன. 1895 நவம்பர் 8ஆம் திகதி ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரில் றொஞ்சன் கண்ட கதிர், நமது பாடத்திட்டத்தின் கடைசி அலகில் இருக்கிறது. கடைசி அலகு என்பதற்காகவே முதல் தடவை நான் அதைப் படிக்காமல் பரீட்சைக்குப் போனேன்.

இரசாயனவியலும் அப்படித்தான். பேரியம் அயன் நஞ்சு. ஆனால் குடலைப் படமெடுக்க நோயாளிக்குப் பேரியம் சல்பேற்றைக் குடிக்கக் கொடுக்கிறோம். எப்படி? அதன் கரைதிறன் பெருக்கம் மிகச் சிறியது. கரையாமல் உள்ளே போய்க் கரையாமலே வெளியேறிவிடும். இதை அறிந்த பிறகு கரைதிறன் பெருக்கக் கணக்கு எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

இரண்டாம் தடவை நான் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. ஒரு கொப்பி வாங்கி, கடந்தகால வினாத்தாள்களில் பிழைத்த ஒவ்வொரு கேள்வியையும் அதில் எழுதினேன். பக்கத்தில் ஏன் பிழைத்தது என்று ஒரு வசனம். 'சமன்பாடு தெரியாது' என்று எழுத நேர்ந்தது சில தடவைகளே. 'கேள்வியை அரைவாசி வாசித்தேன்', 'அலகை மாற்றவில்லை', 'படம் கீறவில்லை' இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. பௌதிகவியல் முதலாம் பத்திரத்தில் 50 கேள்விகளுக்கு இரண்டு மணித்தியாலம், கணிப்பானும் இல்லை. கையால் சுருக்கும் பழக்கம் வீட்டிலேயே வர வேண்டும். மேலதிக வகுப்புக் குறிப்புகள் கட்டுக்கட்டாக என்னிடம் இருந்தன. என்னைக் கரை சேர்த்தது அந்த நாற்பது பக்கக் கொப்பி என்றே நினைக்கிறேன்.

இடம் கிடைத்தது. வீட்டில் மகிழ்ச்சி ஒரு நாள்தான் நீடித்தது. மறுநாள் மாமி வந்தார். "கதிருக்குள்ள நிக்கிற வேலையாமே. நாளைக்கு இந்தப் புள்ளைக்குப் புள்ள தங்குமா? ஆரு முடிப்பாங்க?" உம்மா அழத் தொடங்கிவிட்டார். வாப்பா ஒன்றும் பேசவில்லை. பெற்றோரே, உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். அதைப் பட்டிக்காட்டுப் பேச்சென்று தள்ளிவிடாதீர்கள். அது கேட்க வேண்டிய கேள்விதான். பதிலும் இருக்கிறது.

அன்றிரவு வாப்பாவிடம் அறை விளக்கை அணைத்துக் காட்டினேன். "இப்ப வெளிச்சம் அறைக்குள்ள மிச்சம் இருக்கா வாப்பா?" எக்ஸ் கதிரும் அப்படித்தான். சுவிட்சை அழுத்தும் அந்தக் கணத்தில் மட்டுமே உண்டு. சுவரிலோ உடுப்பிலோ ஒட்டிக்கொண்டிருக்காது. அந்தக் கணத்திலும் நாம் ஈயம் பதித்த தடுப்பின் பின்னால் நிற்கிறோம். தூரம் இரண்டு மடங்கானால் செறிவு நான்கில் ஒன்று, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. இதுவும் உயர்தரப் பாடம்தான். பிறகு எண்களை எழுதினேன். இயற்கையாக மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு மனிதருக்கு வருடத்தில் கிடைக்கும் கதிர்ப்பு, உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவேர்ட். நெஞ்சு எக்ஸ் கதிர்ப் படம் ஒன்றுக்கு 0.1 அல்லது அதிலும் குறைவு. கதிர்ப்புத் தொழிலில் இருப்பவருக்கான சர்வதேச எல்லை, ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20. எவ்வளவு பட்டது என்பதை அளக்க உடுப்பில் ஒரு சிறு பட்டை அணிகிறோம். குறித்த காலத்துக்கு ஒரு தடவை அது வாசிக்கப்பட்டுப் பதியப்படுகிறது. கர்ப்பமான பெண் அதை அறிவித்தால், அன்றிலிருந்து பிரசவம் வரை கருவுக்கு 1 மில்லிசீவேர்ட்டைத் தாண்டாதவாறு வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ் கதிரே இல்லை. காந்தமும் வானொலி அலையும்தான்.

வாப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மாமிக்குக் காட்டினாரா என்று நான் கேட்கவில்லை.

இன்னும் இரண்டு விடயங்கள். படிப்பு ஆங்கில மொழியில். முதல் வருடத்தில் உடலமைப்பியல் சொற்களே மலைபோல் நிற்கும். பெறுபேறு வரும்வரை இருக்கும் மாதங்களில் ஆங்கில உயிரியல் நூல் ஒன்றைச் சத்தமாக வாசித்துப் பழகுங்கள். அடுத்தது சிங்களம். நெஞ்சுப் படத்துக்கு "ஹுஸ்ம கன்ன... அல்லாகென இன்ன" என்று நான் முதல் நாள் சொன்னபோது, அந்த முதியவருக்கு விளங்கவில்லை. மூச்சை விட்டுவிட்டார். படம் மங்கியது, இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாயிற்று. நோயாளியின் உடலில் தேவையில்லாமல் இரண்டாம் தடவை கதிர் பட்டது என் உச்சரிப்பால். அன்றிரவே விடுதிச் சிநேகிதியிடம் உட்கார்ந்து பாடமாக்கினேன்.

பயிற்சியின்போது ஒரு நாள் மார்பகப் படத்துக்கு வந்த தாயொருவர், அபாயாவின் விளிம்பைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். உள்ளே ஆண்கள் இருப்பார்களோ என்ற பயம். என்னைக் கண்டதும், "நீயா மகள் எடுக்கப் போற?" என்றார். "ஓம் உம்மா, நான்தான்" என்றேன். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

கையேட்டை வாங்கியவர்கள், வரும் விடுமுறையில் நான் ஊரில் இருக்கும்போது வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். பிழைக் கொப்பி என்னிடம் இன்னும் இருக்கிறது. பார்க்கலாம்; இரவல் தர மாட்டேன்.