கணக்கிலிருந்து பிறந்த எழுத்து

பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கும் கேள்விகள் பல, வியாபாரிகளாகிய நமக்குச் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். ஆனால் கடைப் பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டே நாம் விளக்கக்கூடிய கேள்விகளும் உண்டு. அவற்றுள் மூன்றை இங்கே பார்ப்போம்.

1. சரித்திரம்: எழுத்து எதற்காகத் தோன்றியது?

உலகின் மிகப் பழைய எழுத்துக்களுள் ஒன்று, இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் இருந்த உருக் நகரத்தில் கிடைத்தது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 3300. அங்குக் கிடைத்த களிமண் ஏடுகளிலே மன்னர் புகழையோ கவிதையையோ காண்பது இல்லை. பெரும்பாலானவை வரவு செலவுக் கணக்குகளே. பார்லி எவ்வளவு வந்தது, ஆடுகள் எத்தனை, யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பனவே அவற்றில் உள்ளன. மனத்தில் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்குச் சரக்கும் ஆட்களும் பெருகியபோது, மனிதன் எழுதத் தொடங்கினான்.

2. விஞ்ஞானம்: களிமண் ஏடு 5,000 ஆண்டுகள் நிலைத்தது எப்படி?

யூப்ரடீஸ், டைக்ரீஸ் நதிகளின் கரையில் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. ஈரமான களிமண்ணில் நாணற் குச்சியால் அழுத்தி எழுதி, வெயிலில் காயவைத்தனர். வெறுமனே காய்ந்த மண் நீர் பட்டால் மீண்டும் குழையும். நெருப்பில் வெந்த மண்ணோ குழையாது; கடும் வெப்பத்தில் மண்ணோடு இணைந்திருக்கும் நீரும் நீங்கி, அது ஓடாக இறுகிவிடுகிறது. ஆகவே, ஊரை அழித்த தீயே சில இடங்களில் ஏடுகளைச் சுட்டுக் காப்பாற்றியது!

3. சமுதாயம்: எழுதிய கணக்கு யாரைக் காத்தது?

கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டக்கல் 1901-02-இல் ஈரானிலுள்ள சூசாவில் கண்டெடுக்கப்பட்டது. இப்போது பாரிஸ் நகரின் லூவர் காட்சிசாலையில் இருக்கிறது. அதில் வியாபாரிகளுக்கும் விதிகள் உண்டு. முதலாளியின் சரக்கை விற்று வரும் ஆள், பணத்தைச் செலுத்தும்போது முத்திரையிட்ட ரசீது பெறவேண்டும். ரசீது இல்லாத பணம் கணக்கில் ஏறாது.

அதற்குமேல் ஒன்று கவனிக்கத்தக்கது. வாங்கிய பணத்தை மறுத்து, அது நிரூபணமானால், ஆள் மூன்று மடங்கு கொடுக்கவேண்டும். ஆள் திருப்பிக் கொடுத்ததை முதலாளி மறுத்து, அது நிரூபணமானாலோ, முதலாளி ஆறு மடங்கு கொடுக்கவேண்டும். கை ஓங்கியவனுக்கே பொறுப்பு அதிகம் என்பது அச்சட்டத்தின் கருத்துப் போலும்.

இனி, பிள்ளைகள் இக்கேள்விகளோடு வந்தால் சிட்டையையும் பேரேட்டையும் திறந்து காட்டுவோம். மனப்பாடம் செய்த விடை பரீட்சையோடு மறைந்துவிடும். காரணம் விளங்கிய விடை மனத்தில் நிற்கும். அவ்வாறே, கடைச் சிப்பந்தி பணம் கட்டும்போது, அவர் கேட்குமுன்னரே ரசீது எழுதிக் கொடுப்போம். பிள்ளைகள் அதையும் பார்த்துக் கற்பார்கள்.