பனிக்காலம் முடிந்ததும் காரில் புதுச் சத்தமா? மலை ரோட்டுக்கு 22 குறிப்புகள்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை பூம்பாறை ரோட்டை அங்கங்கே பெயர்த்துவிட்டுப் போகும். மார்கழி, தையில் பனி இறங்கும். சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். விடிகாலையில் பூண்டுப் பாத்தியும் கார் கண்ணாடியும் ஒன்றுபோல வெளுத்துக் கிடக்கும். இந்த நான்கு மாதமும் பள்ளத்திலும் சேற்றிலும் கொடைக்கானலுக்கும் மன்னவனூருக்கும் ஓடிய வண்டி, மாசி பிறக்கும்போது ஏதாவது ஒரு புதுச் சத்தம் போடும். 'ஓடுகிற வரை ஓடட்டும்' என்று விடாதீர்கள். பெரும்பாலான கோளாறுகள் வண்டியை நிறுத்துவதற்குப் பல நாள் முன்பே சத்தம் கொடுத்துவிடும். அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டால், கீழே பழனிக்கோ வத்தலக்குண்டுக்கோ இறங்கும் முன் சரிசெய்துவிடலாம்.

கேட்கும் முறை

1. முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்பானர், கதவுப் பையில் கிடக்கும் பாட்டில், டிக்கியில் மறந்துபோன மண்வெட்டி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். பல 'கடகட' சத்தம் அதோடு நின்றுவிடும். ஸ்டெப்னி ஆடாமல் இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். டிரைவர் காலடியில் பாட்டில் எதுவும் உருளவே கூடாது. பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் மிதிக்க முடியாது.

2. சத்தம் கேட்டதும் நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எப்போது வருகிறது? எந்தப் பக்கத்திலிருந்து? எந்த வேகத்தில்? எதைச் செய்தால் கூடுகிறது அல்லது குறைகிறது: பிரேக்கா, கிளட்சா, ஸ்டீயரிங்கா? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் கோளாறு இருக்கும் இடம் பாதி தெரிந்த மாதிரி.

3. குளிரில் வந்து, வண்டி சூடானதும் மறையும் சத்தத்துக்குப் பெரும்பாலும் ஈரமும் கெட்டிப்பட்ட ஆயிலும் காரணம். ஓரிரு நாள் கவனித்துவிட்டு முடிவு செய்யலாம். சூடாகச் சூடாக வளரும் சத்தத்தையும், நாளுக்கு நாள் கூடும் சத்தத்தையும் உடனே காட்டிவிடுங்கள்.

4. இடமா வலமா என்று தெரியவில்லையா? மலையே காட்டிக்கொடுக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு, மலையைச் செதுக்கிய பாறைச் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டுங்கள். அந்தப் பக்கச் சக்கரத்தின் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வந்து தெளிவாகக் கேட்கும். போகும்போது இடது கைப் பக்கம் பாறை என்றால், வரும்போது வலது கைப் பக்கம். இரண்டு முறையும் கேட்டு ஒப்பிட்டால் பக்கம் தெரிந்துவிடும். போக்குவரத்து இல்லாத நேரத்தில், பின்னால் வண்டி வராதபோது மட்டும் இதைச் செய்யுங்கள்.

குளிர்ந்த காலையில்

5. சாவியைத் திருப்பும் முன் பானெட்டைத் தட்டித் திறந்து பாருங்கள். இன்ஜின் சூட்டைத் தேடி எலியும் பூனையும் உள்ளே படுத்திருக்கும். உருளைக்கிழங்கு, கேரட் மூட்டை அடுக்கிய கொட்டகையிலேயே கார் நிற்கிற வீடுகளில் எலித் தொல்லை அதிகம். வைக்கோல், கிழிந்த துணி, கடித்த ஒயர் கண்ணில் பட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். மூட்டையை வேறு இடத்துக்கு மாற்றுவதுதான் நிலையான தீர்வு.

6. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று மட்டும் வருகிறதா? பேட்டரி சோர்ந்திருக்கும், அல்லது டெர்மினலில் உப்புப் பூத்திருக்கும். குளிரில் பேட்டரியின் சக்தி குறையும், கெட்டிப்பட்ட ஆயிலோ இன்ஜினைச் சுற்ற விடாது; இரண்டும் சேரும்போதுதான் பழைய பேட்டரி கைவிடும். இன்ஜினை அணைத்து, மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் அந்த உப்பைத் தேய்த்துக் கழுவுங்கள். நன்றாகத் துடைத்து உலர்த்தியபின் மாட்டும்போது மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள்.

7. ஸ்டார்ட் ஆனதும் 'கீச்' என்று கத்தி, சில விநாடியில் அடங்கினால் பெல்ட்டில் ஈரம் இருந்திருக்கிறது. ஹெட்லைட், ஏசி போடும்போதெல்லாம் கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது தேய்ந்து வெடித்திருக்கிறது. கத்தாமல் இருக்க பவுடர், கிரீஸ், எண்ணெய் எதையும் தடவாதீர்கள். பெல்ட் வழுக்கும், ரப்பரும் கெடும். பல வண்டிகளில் பேட்டரி சார்ஜ் ஆவதும் தண்ணீர் பம்ப் சுற்றுவதும் இந்த ஒரே பெல்ட்டால்தான்.

8. காலையில் இன்ஜின் தலையில் 'டக் டக் டக்' என்று டாப்பெட் சத்தம் கேட்டு, ஆயில் ஏறியதும் அடங்கினால் பயமில்லை. அடங்காவிட்டால் வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஆயில் அளவுக் குச்சியைப் பாருங்கள். ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்பதுபோல எழுதியிருப்பார்கள். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் சுலபமாக ஓடும். உங்கள் வண்டிப் புத்தகம் சொல்லும் எண்ணையே வாங்குங்கள். டக் டக் சத்தத்தோடு சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

9. டீசல் வண்டிக்காரர்கள் சாவியைப் பாதி திருப்பி, சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அணையும்வரை பொறுத்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். அப்படிச் செய்தும் வெள்ளைப் புகையோடு இன்ஜின் தட்டித் தடுமாறி ஓடினால் குளோ பிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரேக்: இதில் மட்டும் தள்ளிப்போடவே கூடாது

10. இரவெல்லாம் பனியில் நின்ற காரில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு 'சரக் சரக்' என்று உரசும். இரும்பு டிஸ்க்கில் ஒரே இரவில் மெல்லிய துரு படியும். பேட் அதைத் துடைத்ததும் சத்தம் போய்விடும். இது இயல்பு.

11. ஹேண்ட் பிரேக்கை விட்டும் வண்டி நகராமல், பிறகு 'டொக்' என்று விடுபட்டுக் கிளம்பினால், பின் டிரம்முக்குள் பிரேக் ஷூ ஈரத்தில் ஒட்டியிருக்கிறது. பல நாள் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் சமதரையாகப் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, டயருக்குக் கல்லோ கட்டையோ அண்டக் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தியே வையுங்கள். சரிவில் நிறுத்துகிறபோது ஹேண்ட் பிரேக், கியர், கட்டை மூன்றும் வேண்டும்.

12. பிரேக் போடும்போதெல்லாம் மெல்லிய 'கிரீச்' வந்தால் பேட் தேய்ந்துவிட்டது. பல பேட்களில் இதற்காகவே ஒரு சின்ன உலோகத் தகடு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். புதிய பேட் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும்; 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும். 'கரகர' என்று இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் கேட்டால் அந்த வண்டியில் மலை இறங்காதீர்கள். மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கு வரவழையுங்கள்.

13. பிரேக் போடாமலே 'கிர்ர்' என்று தகரம் உரசுகிறதா? டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே ஜல்லிக்கல் மாட்டியிருக்கலாம். ஆளில்லாத சமதரையில் மெதுவாகப் பின்னோக்கி ஓட்டினால் சில நேரம் தானாக விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

14. சத்தமே போடாத ஆபத்து ஒன்று உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 வகைக்கு அந்த அளவுகள் 230, 155. இறக்கம் முழுக்க பிரேக்கில் காலை வைத்தே வந்தால் இந்தச் சூடு வந்துவிடும். ஆயில் ஆவியாகி, பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் ஒருபோதும் இறங்காதீர்கள்.

சக்கரமும் ஸ்டீயரிங்கும்

15. வேகம் கூடக் கூட வண்டு ரீங்கரிப்பதுபோல 'ஊம்ம்' என்று வளரும் சத்தம் வீல் பேரிங்குடையது. இடப்பக்கம் வளையும்போது கூடினால் வலப்பக்க பேரிங்கையும், வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடப்பக்க பேரிங்கையும் சந்தேகப்படுங்கள். வளையும்போது பாரம் எதிர்ப்பக்கச் சக்கரத்தில்தான் விழுகிறது. வளைத்தாலும் மாறாமல், ரோடு மாறினால் மட்டும் மாறுகிற இரைச்சல் டயருடையது.

16. கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது 'டக்-டக்-டக்' என்று சக்கரத்தோடு சேர்ந்து தட்டினால் முன் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. சக்கரத்தின் உள்பக்கம் மடிப்பு மடிப்பாக உள்ள ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கிழிசலைத் தொடக்கத்திலேயே கண்டால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும். சேறு உள்ளே போய்விட்டால் ஜாயின்டையே மாற்ற வேண்டும்.

17. சின்னப் பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது 'லொட லொட' என்று கேட்டால் பெரும்பாலும் லிங்க் ராடு, செலவும் குறைவு. பிரேக் போட்டாலோ ஸ்டீயரிங்கைத் திருப்பினாலோ கனமாக 'டொக்' என்று ஒரே ஒரு அடி விழுந்தால் பால் ஜாயின்டையும் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்கள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். அதை நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

18. சக்கரம் சுற்றும் கணக்குக்கு 'டிக், டிக்' என்றால் டயர் இடுக்கில் கல் இருக்கலாம். மழுங்கிய குச்சியால் நெம்பி எடுங்கள். ஆணியாக இருந்தால் பஞ்சர் கடைக்குப் போய்ப் பிடுங்குங்கள். ஸ்டீயரிங் ஆட்டத்தோடு சத்தமும் வந்தால் உடனே ஓரம் கட்டி வீல் நட்டு இறுக்கம் பாருங்கள். வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினாலே டயர் காற்று சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். காலையில் ஓட்டும் முன் அளந்து நிரப்புங்கள்.

இன்ஜின், சைலன்சர், ரேடியேட்டர்

19. ஏற்றத்தில் கோலிக்குண்டைக் குலுக்குவதுபோல 'கலகல' என்று கேட்டால் மேல் கியரில் இன்ஜினை இழுக்கவிடுகிறீர்கள். உடனே கியரைக் குறையுங்கள். குறைத்தும் தொடர்ந்தால் பெட்ரோலின் தரம், பிளக், உள்ளே படிந்த கரி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

20. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தகர டப்பா அதிர்ந்தால் சைலன்சர் மேலுள்ள வெப்பத் தகடு கழன்றிருக்கும். இன்ஜின் ஆறியபிறகு கிளாம்ப் போட்டு இறுக்கினால் முடிந்தது. 'புஸ் புஸ்' என்று இன்ஜின் பக்கமே புகை சீறினால் விஷயம் வேறு. குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகும்போது, மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். தலைவலி, மயக்கம் தோன்றினால் கண்ணாடியை இறக்கி, வண்டியை நிறுத்தி, வெளியே வாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுக்கொண்டு காருக்குள் யாரும் தூங்கவே கூடாது.

21. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடை ஓடுவதுபோல 'சலசல' என்றால் கூலன்ட் குறைந்து குழாயில் காற்று புகுந்திருக்கிறது. நம் ஊர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி இறுக்கமாக இருந்து அழுத்தத்தைக் காப்பதால்தான் இன்ஜின் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். ஓடைத் தண்ணீரை ஊற்றாமல் கூலன்ட்டே ஊற்றுங்கள். காருக்குள் ஃபேன் போடும்போது 'பட பட' என்றால் அது வேறு. முன் கண்ணாடிக்கு அடியில் உள்ள வலையில் பைன் ஊசியும் தைல மரத்து இலையும் அடைத்திருக்கும், வாரி எடுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது

22. சத்தத்தை மொபைலில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஓட்டுகிறவர் அல்ல, பக்கத்தில் இருப்பவர் செய்யட்டும். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் வரும் சத்தம் என்றால் முந்தின இரவே வண்டியை அங்கே விட்டுவிட்டு, காலையில் அவர் ஸ்டார்ட் செய்யும்போது கூட இருங்கள். 'பேரிங் போச்சு, மாத்துங்க' என்று நீங்களே முடிவு சொல்லாமல், '40-க்கு மேலே போனா ஊம்ங்குதுண்ணே, லெஃப்ட்ல ஒடிச்சா கூடுது' என்று கேட்டதைச் சொல்லுங்கள். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் வரும் அதே ஏற்றத்தில், அதே வளைவில் ஓட்டிக் காட்டுங்கள். டேஷ்போர்டு பெட்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்து, எந்தத் தேதியில் என்ன சத்தம், என்ன மாற்றினோம் என்று எழுதிவாருங்கள். அடுத்த மார்கழியில் வண்டி மறுபடி ஏதாவது சொல்லும்போது, போன வருடம் அதே சத்தத்துக்கு என்ன காரணம் என்று அந்த நோட்டு உங்களுக்குச் சொல்லும்.