தீம் பார்க் ட்ரிப்: டிக்கெட் விலை மட்டும் பார்த்தா போதுமா?

முழுப் பரீட்சை முடிஞ்சதும் பசங்க வொண்டர்லான்னு ஆரம்பிச்சிடுவாங்க. சென்னையிலேயே 2025 டிசம்பர்ல திறந்துட்டதால, இப்போ தூரம்னு சாக்கு சொல்லவும் முடியாது!

முதல்ல பிள்ளையோட உயரத்தை அளந்து பாருங்க. அங்கே சிறுவர் டிக்கெட்டுக்கு வயசு கணக்கில்லை, 140 செ.மீ. தாண்டினா 11 வயசுப் பையனுக்கும் பெரியவங்க டிக்கெட்தான். 85 செ.மீ.க்குக் கீழே இலவசம். நீங்க பார்க்கிற விலையில 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கான்னும் கவனிங்க. ₹1,000 டிக்கெட் ₹1,180 ஆகும். நாலு பேருக்கு ₹720 கூடுது.

அப்புறம் உள்ளே ஆகிற செலவு. வெளிச் சாப்பாடு கொண்டுபோக முடியாது. தண்ணி விளையாட்டுக்கு காட்டன் டிரஸ் ஆகாது. நைலான் டிரஸ் வீட்டிலிருந்தே எடுத்துட்டுப் போனா அங்கே வாங்குற செலவு மிச்சம். ஃபாஸ்ட் ட்ராக் டிக்கெட், என்னைக் கேட்டா, கூட்டமில்லாத வேலை நாள்ல போறவங்களுக்குத் தேவையே இல்லை.

மொத்தம் ₹12,000 ஆகும்னு வைங்க. கிரெடிட் கார்டுல தேய்ச்சிட்டு மாசாமாசம் வட்டி கட்டுறதைவிட, நவம்பர்லயே மாசம் ₹2,000 ஆர்டி ஆரம்பிச்சிடுங்க. போஸ்ட் ஆபீஸ் ஆர்டி 5 வருஷம், இதுக்குச் சரிவராது. 6 மாச ஆர்டி தர்ற பேங்க்கா பாருங்க; மே மாசம் பணம் கையில இருக்கும்.