நல்ல மெயில் ஜங்க்ல விழுதா, தம்பி?

ஆபிஸ் மெயில் செர்வர் உன் பொறுப்புக்கு வந்தாச்சு. இனி தவ்கே உன்கிட்டதான் கேப்பாரு, "கஸ்டமர் அனுப்பின இன்வாய்ஸ் எங்கே?"னு. உடனே குப்பை மெயிலைப் பிடிக்கிற ஸ்பாம்அசாசினைத் திறந்து, 5 புள்ளியில இருக்குற வரம்பை 8, 10னு ஏத்திடாதே. இன்வாய்ஸ் வரும், கூடவே குப்பையும் வரும். முதல்ல ஜங்க்ல கிடக்குற அந்த மெயிலோட ஹெடரைப் படி. எக்ஸ்-ஸ்பாம்-ஸ்டேட்டஸ் வரியில மொத்தப் புள்ளியும், எந்தெந்த விதி பிடிச்சதுன்னும் பேர் பேரா இருக்கும். காரணம் தெரியாம எதிலயும் கை வைக்காதே.

பொந்தியான்ல நான் முதல்ல தேடுறது மொழி விதியை. இங்க ஒரு சின்ன கம்பெனிக்கே நகராண்மையிலிருந்து மலாய்ல, குக்குப் மீன்காரங்ககிட்ட இருந்து சீனத்துல, கோயில் கமிட்டியிலிருந்து தமிழ்ல, சிங்கப்பூர்லிருந்து ஆங்கிலத்துலன்னு மெயில் வரும். எவனோ வெள்ளைக்காரன் தன் ஆபிஸுக்காக எழுதின செட்டிங்கை அப்படியே ஒட்டியிருந்தா, ஓகே_லாங்குவேஜஸ் வரியில ஆங்கிலம் மட்டும்தான் இருக்கும். மத்ததெல்லாம் வேண்டாத மொழின்னு புள்ளி வாங்கும். நாலு மொழியையும் சேர்த்துடு, இல்லன்னா 'ஆல்'னு விட்டுடு. பக்கத்துல ஓகே_லோகேல்ஸ்னு இன்னொண்ணு இருக்கும், அது எழுத்து முறையைப் பார்க்குறது. பழைய சாஃப்ட்வேர்ல இருந்து ஜிபி2312, பிக்5ல வர்ற சீன மெயில் அங்கதான் மாட்டும்.

ஜங்க்லயும் இல்ல, வாசல்லயே திருப்பி அனுப்பிடுதுன்னா லாக்ல பார். கறுப்புப் பட்டியல் நடத்துற ஸ்பாம்ஹவுஸ் பேர் எல்லா மெயிலுக்கும் வருதா? அப்போ உன் செர்வர் 8.8.8.8 மாதிரி பொது டிஎன்எஸ் வழியா கேட்குதுன்னு அர்த்தம். அந்த வழியில வர்ற கேள்விக்கு ஸ்பாம்ஹவுஸ் பதில் தராது, 127.255.255.254னு ஒரு பிழைக்குறியைத்தான் திருப்பும். மெயிலை வாங்குற போஸ்ட்ஃபிக்ஸ்ல எந்தப் பதிலை ஏத்துக்கணும்னு எழுதலன்னா, அது அதையே 'கறுப்புப் பட்டியல்ல இருக்கு'ன்னு எடுத்துக்கும். செர்வர்லயே அன்பவுண்ட்னு சொந்த டிஎன்எஸ் போட்டு நேரா கேட்க வை, பதில் குறிகளையும் குறிச்சுக் கொடு.

செத்துப்போன பட்டியல் இன்னும் மோசம். 2006 டிசம்பர்ல மூடின ஓஆர்டிபி, 2008 மார்ச்ல யாரைக் கேட்டாலும் 'ஸ்பாமர்'னு சொல்ல ஆரம்பிச்சது, அதை எடுக்காம வச்சிருந்த ஆபிஸுக்கெல்லாம் மெயிலே வரல. சோதிக்கிறது சுலபம். 127.0.0.2 எந்தப் பட்டியல்லயும் இருக்கணும், 127.0.0.1 இருக்கவே கூடாது. ரெண்டாவதும் இருக்குன்னா அந்தப் பட்டியலைத் தூக்கு.

ஸ்பாம்அசாசின் விதிகளைப் புதுப்பிக்கிற எஸ்ஏ-அப்டேட்டை தினமும் ஓட விடு. 2010 ஜனவரி 1 அன்னைக்கு ஸ்பாம்அசாசினோட ஒரு தேதி விதி, 2010ங்கிற வருஷத்தையே 'ரொம்ப தூரத்து எதிர்காலம்'னு நினைச்சு நல்ல மெயிலுக்கெல்லாம் புள்ளி போட்டுச்சு. அப்டேட் பண்ணவங்க தப்பிச்சாங்க.

ஸ்பாம்அசாசினோட பேயஸ் ஃபில்டரைப் பழக்கும்போது குப்பை 200, நல்லது 200 சேர்ற வரைக்கும் அது வாயே திறக்காது. நல்ல மெயிலையும் காட்டிப் பழக்கு, பலர் அதை மறந்துடுறாங்க. அதைவிட அடிக்கடி நடக்குறது: பழக்குறது ரூட் கணக்குல, ஃபில்டர் ஓடுறது அமாவிஸ் கணக்குல. வருஷம் முழுக்க பழக்கினாலும் அது வேற கணக்குலதான் சேரும், ஒரு பிரயோஜனமும் இல்ல.

நம்ம சொந்த டொமைனை மட்டும் விதிவிலக்குல போட்டுடாதே. போலி மெயில்காரன் முதல்ல போடுற முகவரியே அதுதான். எஸ்பிஎஃப், டிகேஐஎம் தேறினா மட்டும் விடுற வெல்கம்லிஸ்ட்_ஆத் இருக்கு, பெக்கான் நானாஸ் அன்னாசி சப்ளையரை அதுல சேர்.

எதை மாத்தினாலும் லின்ட் ஓட்டி செட்டிங்ல பிழை இருக்கான்னு பார்த்துட்டு ரீஸ்டார்ட் பண்ணு. அப்புறம் கிரேலிஸ்டிங். அதைச் செய்யுற போஸ்ட்கிரே, புது முகவரியிலிருந்து வர்ற மெயிலை முதல் தடவை அஞ்சு நிமிஷம் நிறுத்தி வைக்கும். அனுப்புற செர்வர் மறுபடி எப்போ முயற்சி பண்ணுதோ அப்போதான் மெயில் உள்ள வரும். பேங்க் டிஏசி நம்பர் மெயில்ல வர்ற ஆபிஸுக்கு அதெல்லாம் ஒத்து வராது, அணைச்சு வச்சிடு.