மானியத்தை மறந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: கோவை கணபதியில் ஒன்பது ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்துகிறேன். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறோம். வேலை கூடியிருப்பதால் 40 லட்ச ரூபாயில் ஒரு விஎம்சி (வெர்டிகல் மெஷினிங் சென்டர்) மெஷின் வாங்க ஆசை. கையில் 10 லட்சம் இருக்கிறது. ‘நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீதம் மானியம் வாங்கலாம், உன் பேரில் முடியாவிட்டால் மனைவி பேரில் புதுக் கம்பெனி தொடங்கு’ என்கிறார் நண்பர். மானியத்தை நம்பி இறங்கலாமா?

— ஒரு வாசகர், கோவை

பதில்: நீட்ஸ், முதல் தலைமுறையாகத் தொழிலுக்கு வருபவர்கள் புதுத் தொழில் தொடங்குவதற்கான திட்டம். ஒன்பது ஆண்டுப் பட்டறைக்கு அது பொருந்தாது. அதே கூரையின் கீழ் மனைவி பேரில் பலகை மாட்டும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். ஆய்வுக்கு வரும்போது அகப்பட்டால் மானியமும் போகும், வங்கியில் சம்பாதித்த நல்ல பேரும் போகும்.

உங்களுக்கு நேர்வழியே இருக்கிறது. தமிழக அரசின் 2021ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் கொள்கையின்படி, தகுதியுள்ள இயந்திர மதிப்பில் 25 சதவீதம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மூலதன மானியம் உண்டு. குறு உற்பத்தி நிறுவனம் மாநிலத்தில் எங்கிருந்தாலும் கேட்கலாம். இருக்கிற தொழிலைக் கணிசமாக விரிவாக்கினாலும் கிடைக்கும். பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினராக இருந்தால், அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம் மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும் இருக்கின்றன.

ஆனால் மூலதன மானியம், மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு விண்ணப்பித்து, ஆய்வு முடிந்து, அரசின் நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்து வருவது. மாதத் தவணை அதற்காகக் காத்திருக்காது. மெஷின் விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 7.2 லட்சம், முதலில் உங்கள் கையிலிருந்துதான் போகும். உள்ளீட்டு வரியாக அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், பில் போடப் போடத்தான் அது திரும்பும். எனவே உங்களிடமுள்ள 10 லட்சம் போதாது.

ஒரு தாளை எடுத்து இப்படி எழுதிப் பாருங்கள். கடன் 30 லட்சம், வட்டி 11 சதவீதம், ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 65,000 ரூபாய். இரண்டு ஆபரேட்டர் சம்பளம் 45,000. கரண்ட், டூல், கூலன்ட் ஆயில் 30,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,40,000. மணிக்கு 400 ரூபாய் கூலி என்றால் மாதம் 350 மணி நேரம் மெஷின் ஓட வேண்டும். 26 வேலை நாளுக்குப் பிரித்தால் தினம் பதின்மூன்றரை மணி. இது செலவுக்குச் சரியாகும் கணக்கு. உங்களுக்கு லாபம் அதற்கு மேல்தான்.

10 லட்சம் மானியம் முதல் நாளே வந்து கடன் 20 லட்சமாகக் குறைந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். தவணை 43,500 ஆகும். அப்போதும் தினம் பதினொன்றரை மணி நேரம் ஓடியாக வேண்டும். மானியம் குறைப்பது தினம் இரண்டு மணி நேரப் பாரத்தை. மிச்ச நேரத்தை நிரப்ப வேண்டியது உங்கள் ஆர்டர். இரண்டாவது ஷிப்டுக்கு வேலை இருக்கிறதா என்பதே உங்கள் உண்மையான கேள்வி.

வேலை இருந்தும் பணம் வராவிட்டால்? உத்யம் பதிவு இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், கட்டணம் இல்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. முறையிடக் கோவையிலேயே வசதியாக்கல் மன்றம் இருக்கிறது. வாடிக்கையாளரைப் பகைக்கத் தயங்கினால், அவர் ஏற்ற பில்லைக் காட்டி முன்பணம் பெறும் ட்ரெட்ஸ் தளத்தில் சேரும்படி அவரைக் கேளுங்கள். வங்கி சொத்து ஜாமீன் கேட்டால், சிறு தொழில் கடன்களுக்கான சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத்தில் கடன் தர முடியுமா என்று விசாரியுங்கள்.

மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். மாவட்டத் தொழில் மையத்துக்குக் கொட்டேஷனோடு போய், தகுதி, காலக்கெடு, வேண்டிய ஆவணங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பெரிய வாடிக்கையாளர்களிடம் மாதம் எத்தனை மணி நேர வேலை தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். அது 350ஐத் தாண்டினால் துணிந்து வாங்குங்கள். வருகிற மானியத்தை அப்படியே கடனில் கட்டுங்கள். தாண்டாவிட்டால், ஆறு மாதம் விஎம்சி வேலையை வெளியே கொடுத்துச் செய்து ஆர்டரைப் பெருக்குங்கள். ஒன்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த 10 லட்சம், வேலையில்லாமல் நிற்கும் மெஷினுக்குத் தவணை கட்டிக் கரைய வேண்டாம்.